விழுங்குமுகமன் என்னும் சொல் பற்றி

இந்தச் சொல்லைப் பற்றி நான் எழுதியே ஆகவேண்டும். அண்மையில் என் கைக்கு ஒரு விழாமலர் வந்தது. சப்பானியர் ஆண்ட காலத்தில் பினாங்குத் தமிழர் படைத்த நகைச்சொற்கள் என்று அதில் ஒரு கட்டுரை. பண்டிகை நாளில் ஒருவரையொருவர் எப்படி வாழ்த்துவது என்று தெரியாமல் விழித்த மக்கள், அந்த இக்கட்டுகள் ஒவ்வொன்றுக்கும் புதுப்பெயர் சூட்டிச் சிரித்து மகிழ்ந்தார்களாம். அதுவே அவர்களுடைய வீரமாம். கட்டுரையாளர் இளையவர். கேட்டதை எழுதியிருக்கிறார். அச்சொற்களுள் தலைசிறந்தது விழுங்குமுகமன் என்று தேர்ந்து, அதன் பொருளையும் விளக்கி, பெண்களும் இதைக் கேட்டு உடன் நகைத்தனர் என்று முடித்திருக்கிறார்.

நகைக்கவில்லை. எந்தப் பெண்ணைக் குறித்து அச்சொல் முதன்முதலில் சொல்லப்பட்டதோ அவள் என் உடன்பிறந்த தமக்கை. அவள் முகம் அதைக் கேட்டபோது எப்படியிருந்தது என்பதை அருகில் நின்று பார்த்தவள் நான். அன்று அங்கிருந்தவர்களுள் இன்று உயிரோடு இருப்பவளும், எனக்குத் தெரிந்தவரையில், நான் ஒருத்திதான். நானும் வாய்மூடியிருந்துவிட்டால் அந்தக் கட்டுரைதான் நாளை வரலாறு. அதனை நான் பொறுப்பதற்கில்லை.

எங்கள் அத்தான் நகரத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிராணி. எழுத்தர் என்று எழுதவே என் கை விரும்புகிறது. ஆயினும் அந்நாளில் எங்கள் ஊரில் கிராணி என்பதைத் தவிர வேறு சொல் எவர் வாயிலும் வழங்கியதில்லை. டத்தோ கிராமாட் சாலையிலிருந்து பிரியும் ஒரு சிறு சந்தில் கிராணிமார்க்கென்று கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். பெற்றோரை இழந்த என்னை அக்காளும் அத்தானும் தம்மோடு வைத்துக்கொண்டு படிக்கவைத்தார்கள். போர் வந்த ஆண்டில் நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். ஆட்சி மாறியதும் அதே பள்ளியில் அதே குழந்தைகளுக்குப் பொருள் தெரியாத சப்பானியப் பாட்டுகளைக் கற்றுக்கொடுத்தேன்.

அந்த ஆட்சியின் முதலாண்டில் சப்பானியப் பேரரசரின் பிறந்தநாள் வந்தது. அலுவலகத்தார் அனைவரும் திடலில் வரிசையாக நின்று, அரண்மனை இருக்கும் திசை நோக்கி இடுப்பு வளையக் குனிந்தார்கள். பின்னர் ஒவ்வொருவராக அதிகாரியின் முன் சென்று, மனப்பாடம் செய்த வாழ்த்துச்சொல்லை ஒப்பிக்கவேண்டும். உச்சரிப்பில் தவறினால் கன்னத்தில் அறை. அன்று வீடு திரும்பிய அத்தான் கால் கழுவிக்கொண்டே அக்காளிடம் சொன்னார்.

"இன்னைக்கு நான் குனிமுகமன் செலுத்திட்டு வந்தேன்."

முகமன் என்பது வந்தவரை எதிர்கொண்டு இன்சொல் கூறும் பழைய முறைமையைக் குறிக்கும் உயர்ந்த சொல். அத்தகைய சொல்லின் தலையில் குனிதலைக் கட்டி, புலவர் அவையில் பேசுவதுபோல் அவர் சொன்ன விதத்தில் அக்காள் சிரித்துவிட்டாள். விளையாட்டு அங்கேதான் தொடங்கியது.

அவ்வாண்டுத் தீபாவளிக்கு எவர் வீட்டிலும் நல்லெண்ணெய் இல்லை, அரிசி இல்லை, உளுந்து இல்லை. மரவள்ளிக்கிழங்கு இருந்தது. பாலிக் புலாவ் பக்கத்திலிருந்து யாராவது கொண்டுவந்தால் தேங்காய் இருந்தது. வாழ்த்து என்று சொல்லி ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் நுழைந்தால், நுழைந்தவருக்கும் வெட்கம், வீட்டாருக்கும் வெட்கம். ஆகவே எல்லாரும் வேலிக்கு வெளியிலேயே நின்று வாழ்த்திவிட்டு நடந்தார்கள். அத்தான் அதற்கும் பெயர் வைத்தார்.

"வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு சொன்னா அது வேலிமுகமன். வேலியைத் தாண்டிட்டா விருந்து. விருந்து வைக்க நம்ம வீட்ல என்ன இருக்கு?"

"ஊபி இருக்கு," என்றாள் அக்காள். மரவள்ளிக்கு மலாய்க்காரர் வழங்கும் அப்பெயர்தான் எங்கள் அடுக்களையிலும் வழங்கியது.

"அப்ப வேலியிலயே நிக்கட்டும்."

பொங்கலன்று பானையில் பொங்குவதற்குப் பாலும் இல்லை, அரிசியும் இல்லை. கிழங்கை வேகவைத்த ஆவி மட்டும் எழுந்தது. அதன்முன் நின்று பொங்கலோ பொங்கல் என்று சொல்ல நாக்கு எழாமல் ஆளுக்கு ஆள் முணுமுணுத்த அந்த வாழ்த்து ஆவிமுகமன் ஆயிற்று. இச்சொற்கள் அலுவலகத்தில் பரவின. பெரிய கிராணி முதற்கொண்டு அனைவரும் ஒன்றிரண்டு படைத்தார்கள். அவற்றுள் சில நன்றாகவே இருந்தன. அவையெல்லாம் சொல்பவனுடைய வளைந்த முதுகையும் ஒட்டிய வயிற்றையும் பார்த்துச் சிரித்தவை. இதனை நான் மறுக்கவில்லை. கட்டுரையாளர் அந்த அளவில் நிறுத்தியிருந்தால் அவருக்கு நன்றி கூறி எழுதியிருப்பேன்.

மறுவருடம் சயாமில் இரயில்பாதை போடுவதற்கென்று ஆள் திரட்டினார்கள். சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கொண்டுவந்த தொழிலாளர் கூட்டம் ஒன்றுக்குப் பேர் எழுத ஒரு கிராணி வேண்டும் என்று அலுவலகத்துக்கு ஆணை வந்தது. அத்தானை அனுப்பினார்கள். சில திங்களில் திருப்பி அனுப்புவோம் என்றார்கள். அதைச் சொன்னவனும் நம்பியிருக்கமாட்டான். தோணித்துறையில் அக்காள் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு, "கொல்லைக் குழாயை ராத்திரி நல்லா மூடு, சொட்டுது," என்றுதான் சொன்னார். அவர் அக்கரையிலுள்ள பிறை என்னும் ஊருக்குப் படகேறினார். அங்கிருந்து இரயில்.

அவர் போன முதலாண்டில், நோயோடு திரும்பிய ஒருவர் வாயிலாக, அவர் உயிரோடு நலமாக இருக்கிறார் என்ற சொல் வந்தது. பின்பு ஒன்றும் வரவில்லை. அக்காள் நாள்தோறும் காலையில் தலைவாரி, பொட்டிட்டு, தாலிக்கயிற்றில் மஞ்சள் தடவிக்கொண்டாள். மஞ்சள் கிடைப்பது அரிதாக இருந்த காலம். யாரிடமோ சொல்லி வாங்கினாள். அதைத் தவிர அவளுக்கு வேறு வழிபாடு இல்லை.

அவர் போன பின்னும் அலுவலகத்தில் அவருடைய விளையாட்டைத் தொடர்ந்து நடத்தினார்கள். நடத்தியவர்களில் முதல்வன் எங்கள் அடுத்த வீட்டுக் கிராணி. அத்தானிலும் இளையவன், அத்தானிடம் வேலை பழகியவன், எங்கள் வீட்டில் பல நாள் உண்டவன். அவனுக்கு அறிவு இருந்தது. அந்த அறிவு எதன்மேல் கைவைக்கலாம் எதன்மேல் கூடாது என்பதை மட்டும் அறியவில்லை. அத்தான் போன மறு ஆண்டுத் தீபாவளி நெருங்கியபோது, சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் வீட்டுப் பெண்ணுக்கு எப்படி வாழ்த்துச் சொல்வது என்று பேச்சு வந்திருக்கிறது. சொன்னாலும் தவறு, சொல்லாவிட்டாலும் தவறு. தீபாவளி என்று தொடங்கிவிட்டு, எதிரில் நிற்பது யார் என்பது நினைவுக்கு வந்ததும் மீதியை எச்சிலோடு விழுங்கிவிடுவதே வழி என்று இவன் நடித்துக்காட்டி, அதற்கு விழுங்குமுகமன் என்று பெயரிட்டிருக்கிறான். அலுவலகமே சிரித்ததாம். சப்பானிய அதிகாரி எட்டிப்பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்களாம். சயாமுக்குப் போனவர் அந்த அலுவலகத்திலிருந்து ஒருவர்தான். ஆகவே அந்தப் பெண் யார் என்று எவரும் எவரையும் கேட்கத் தேவையில்லை.

இனி நடந்தது எங்கள் மக்களிடையே மட்டுமே நடக்கக்கூடியது. ஆகவே ஒரு வழக்கத்தை விளக்கிவிடுகிறேன். தீபாவளியன்று வீட்டுக்கு வீடு பலகாரத் தட்டு போகும். வந்த தட்டை எவரும் வெறுமையாகத் திருப்புவதில்லை. தம் வீட்டுப் பலகாரத்தை வைப்பார்கள். இல்லாதவர் ஒரு பிடி சர்க்கரையாவது வைப்பார்கள். இறப்பு நேர்ந்த வீட்டில் அவ்வாண்டு தீபாவளி இல்லை. அடுப்பில் எண்ணெய்ச்சட்டி ஏறாது. அக்கம்பக்கத்தார் அவர்களுக்குத் தட்டுக் கொண்டுபோய்க் கொடுத்து, வெறுந்தட்டை வாங்கி வருவார்கள். அந்த வீட்டிலிருந்து எதையும் பெறமாட்டார்கள். இதில் சொல் ஒன்றும் இல்லை. தட்டு திரும்பும் விதத்திலேயே ஊர் அறிந்துகொள்ளும்.

அவ்வாண்டு அக்காள் எப்படியோ கொஞ்சம் தேங்காய் எண்ணெய் சேர்த்து, மரவள்ளிமாவில் முறுக்குப் பிழிந்திருந்தாள். மாவு ஒட்டாமல் உதிர்ந்தது. உதிர்ந்ததைக் கையால் ஒட்டவைத்துச் சுட்டாள். கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்கு மாற்றியிருந்தார்கள். ஆகவே கடிகாரப்படி நன்றாகப் பொழுதேறியிருந்தது, வானில் மட்டும் அப்போதுதான் வெளிச்சம். அடுத்த வீட்டுக் கிராணியின் மனைவி ஒரு தட்டோடு வந்தாள். வேலியைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டாள். அக்காள் மகிழ்ந்துபோய்த் தட்டை வாங்கி, அடுக்களைக்குள் சென்று, அதிலிருந்ததை எடுத்து வைத்துவிட்டுத் தன் முறுக்கை வைக்கப் போனாள்.

"ஒண்ணும் வைக்காதீங்கக்கா," என்றாள் அவள், பின்னாலேயே வந்து. "தட்டை அப்படியே குடுங்க."

"ஏன்டி? நேத்துத்தான் சுட்டேன். உதிருது, ஆனா ருசியாத்தான் இருக்கு."

"வேணாங்க்கா. இந்த வருஷம் நீங்க வைக்கக் கூடாது."

அக்காள் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "ஏன் கூடாது?"

அவள் அக்காளுடைய நெற்றியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேக்கா. ஆபீஸ்ல பேசிக்கிறாங்க. உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் எல்லாரும்..."

"ஆபீஸ்ல என்ன பேசிக்கிறாங்க?"

"உங்களுக்கு வாழ்த்துச் சொல்ல வந்தா பாதியில முழுங்கிடணுமாம். அதுக்குப் பேரே வச்சிட்டாங்க. விழுங்குமுகமனாம். எங்க வீட்டுக்காரர்தான் சொன்னாரு. சேதி ஒண்ணும் வராமலா அப்படிப் பேரு வைப்பாங்க?"

அவளை நான் இன்றும் குறைகூறமாட்டேன். சப்பானியரிடமிருந்து எந்தச் செய்தி வந்தாலும் அலுவலகத்துக்குத்தான் முதலில் வரும் என்பது அனைவரும் அறிந்தது. உயிரோடு இருக்கும் ஒருவன் மனைவியைப் பற்றி, அவனோடு ஒரே மேசையில் எழுதியவர்கள் இப்படி ஒரு சொல்லைப் படைத்துச் சிரிப்பார்கள் என்று ஒரு பெண் எப்படி நினைப்பாள்? இறப்புச்செய்தி வந்துவிட்டது, ஆண்கள் மறைக்கிறார்கள், பேச்சில் கசிந்துவிட்டது என்றே அவள் எண்ணினாள். வரிசையிலிருந்த மற்றப் பெண்களும் அவ்வாறே எண்ணினார்கள். ஆகவே அவர்கள் தங்களுக்குத் தெரிந்த மரியாதையைச் செய்தார்கள். அவளையடுத்துப் பெரிய கிராணியின் மனைவி தட்டோடு வந்தார். அவரும் வெறுந்தட்டையே கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பிறகு இன்னும் ஒருவர். ஒரே காலைப்பொழுதில், பரிவோடு, கண்ணீரோடு, என் தமக்கையைக் கைம்பெண்ணாக்கிவிட்டுப் போனார்கள்.

அக்காள் அழவில்லை. தன் முறுக்குகள் அனைத்தையும் ஒரு தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். நானும் பின்னால் ஓடினேன்.

பெரிய கிராணி வீட்டு முகப்பில் ஆண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வறுத்த சோளத்தூளில் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வீட்டுக் கிராணியும் இருந்தான். ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தான். அக்காள் வேலியைத் திறந்துகொண்டு உள்ளே போனதும் சிரிப்பு நின்றது. பெரிய கிராணி எழுந்தார்.

"வாம்மா, வா. உக்காரு."

"சேதி வந்திருக்காண்ணே?"

"என்ன சேதி?"

"அவங்களைப் பத்தி. சயாம்லேர்ந்து."

"இல்லையேம்மா. வந்தா உனக்குச் சொல்லாம இருப்பேனா?"

"உங்க வீட்டு அண்ணி வெறுந்தட்டு வாங்கிட்டு வந்துட்டாங்க. ஏன்னு கேளுங்க."

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி கதவருகில் நின்றார். "ஆபீஸ்ல பேரு வச்சிருக்காங்கன்னு நீங்கதானே வந்து சொன்னீங்க," என்றார் அவர், மெல்லிய குரலில்.

பெரிய கிராணியின் முகம் கறுத்தது. அவர் அடுத்த வீட்டுக் கிராணியைப் பார்த்தார். அவன் காப்பிக் குவளையைத் தரையில் வைத்தான்.

"ஐயோ, அது சேதி இல்லக்கா," என்றான். "சும்மா ஒரு வார்த்தை. அண்ணன் ஆரம்பிச்சு வச்ச விளையாட்டுதானே. அதே மாதிரிதான் இதுவும். தப்பா எடுத்துக்காதீங்க லா."

"சேதி இல்ல?"

"இல்லக்கா."

"செத்துட்டாருன்னு உனக்குத் தெரியாது?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப எனக்குத் தீபாவளி வாழ்த்துச் சொல்லு, தம்பி. முழுசா."

அவன் வாய் திறந்தான். தீபாவளி என்றான். அதற்குமேல் வரவில்லை. அலுவலகத்தில் நடித்துக்காட்டியவனுக்கு அப்போது நடிக்க ஒன்றும் இல்லை. பெரிய கிராணிதான் தலையைக் குனிந்துகொண்டு, "தீபாவளி நல்வாழ்த்தும்மா," என்று சொன்னார். அக்காள் அவரிடம் தட்டை நீட்டினாள். அவர் ஒரு முறுக்கை எடுத்து உடனே வாயிலிட்டார். பிறரும் எடுத்தார்கள். கடைசியில் அடுத்த வீட்டுக் கிராணியிடம் நீட்டினாள். அவன் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"சாப்பிடு, தம்பி. கையில வச்சுக்கிட்டு நிக்காதே."

அவன் உண்டான். அவன் தொண்டை இறங்கி ஏறும்வரை அவள் அங்கேயே நின்றாள். பிறகு வரிசையில் ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று தட்டை நீட்டினாள். வாங்காத வீடு இல்லை. ஆனால் ஒரு வீட்டில், நாங்கள் வேலியைத் தாண்டியதும் அந்த முறுக்கைக் கோழிகளுக்கு வீசியதை நான் திரும்பிப் பார்த்தேன். செய்தி இல்லை என்று ஆண்கள் சொன்ன பின்னும் அந்தப் பெண்களின் மனத்தில் ஏறிய ஐயம் இறங்கவில்லை. சொல்லுக்கு அவ்வளவு ஆற்றல் இருந்தது. அதைப் படைத்தவன் அதைச் சும்மா ஒரு வார்த்தை என்றான்.

என் வாழ்நாளெல்லாம் சொல் கற்பித்தவள் நான். சும்மா ஒரு வார்த்தை என்ற தொடரை எந்த மாணவர் வாயிலிருந்தும் நான் பொறுத்ததில்லை. அன்று நடந்தது வெளியில் தெரிந்ததும் அந்தச் சொல் நாணி மறைந்திருக்கவேண்டும். மாறாக அது இந்த நிகழ்ச்சியின் சுவையோடு கடலைக் கடந்து அக்கரைக்கும் போயிற்று. தோட்டத்துப் பெண்கள் நூற்றுக்கணக்கில் கணவரைச் சயாமுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த அந்தக் கரையில், அவர்களைக் கண்டும் அது சொல்லப்பட்டது. குனியவைத்தவனைப் பார்த்துச் சொல்ல அஞ்சிய நாக்குகள், காத்திருந்த பெண்ணைப் பார்த்துச் சொல்ல அஞ்சவில்லை. இதற்குத்தான் அந்த மலர் வீரம் என்று பெயரிட்டிருக்கிறது. சப்பானியன் ஒருவனும் அந்தச் சொல்லால் ஒரு முள் குத்திய வலியும் பட்டதில்லை என்பதை நான் உறுதியாகக் கூறுவேன்.

போர் முடிந்தது. சயாமிலிருந்து மீண்டவர்கள் பிறையில் வந்து இறங்கினார்கள். அக்காள் பல நாள் படகுத்துறையில் போய் நின்றாள். சுங்கை பாக்காப் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர், எலும்பும் தோலுமாய், கிராணி ஐயாவைக் காய்ச்சலோடு ஒரு கொட்டகையில் பார்த்ததாகவும், மறுநாள் தம்மை வேறு இடத்துக்கு ஓட்டிவிட்டதாகவும் சொன்னார். எந்த இடம் என்று அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்தது.

ஈமக்கடன் செய்துவிடலாம் என்று உறவினர் வந்து பேசினார்கள். "யாருக்கு?" என்று அக்காள் கேட்டாள். அவள் இறக்கும்வரை ஒவ்வொரு தீபாவளிக்கும் எண்ணெய்ச்சட்டி வைத்தாள், தட்டு அனுப்பினாள், திரும்பி வரும் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். பொட்டோடும் தாலியோடும்தான் அவளை எரியூட்டினோம். அதற்கும் சிலர் முகம் சுளித்தார்கள். சுளித்தவர்களை நான் வெளியே போகச் சொன்னேன்.

மலரை வெளியிட்டவர்களிடம் நான் கேட்பது ஒன்றே. விழுங்குமுகமனை நீக்கவேண்டா. நீக்கினால் நடந்ததும் மறைந்துபோகும். அதன் பொருளுக்குக் கீழே, இது கணவனுக்காகக் காத்திருந்த ஒரு பெண்ணைக் கேலி செய்யப் படைக்கப்பட்டது, இதனால் அவளை ஊர் கைம்பெண் என்று முடிவுகட்டியது என்று எழுதுங்கள். பெண்கள் உடன் நகைத்தனர் என்ற வரியை அடித்துவிடுங்கள்.

அகவை முதிர்ந்தவள் எழுதியது இது. பிழைகள் இருக்கும். ஆவிமுகமன் அத்தான் படைத்ததா, பெரிய கிராணி படைத்ததா என்பதில் எனக்கு முழு உறுதி இல்லை. மூன்றாவதாகத் தட்டோடு வந்தவர் யார் என்பதையும் மறந்துவிட்டேன். அந்த வரிசை வீடுகளில் வாழ்ந்தோரின் மக்கள் எவரேனும் இதைப் படித்து, தம் பெற்றோர் வேறு விதமாகச் சொன்னார்கள் என்றால், தயங்காமல் எழுதித் திருத்துங்கள். என்னைக் கடிந்து எழுதினாலும் வரவேற்பேன். ஆனால் எல்லாவற்றிலும் மேலாக ஒரு வரியில் என்னைத் திருத்தவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அத்தானைப் பற்றி வேறு செய்தி இல்லை என்று எழுதியிருக்கிறேன். சுங்கை பாக்காப் கூட்டத்தோடு போன கிராணி ஒருவர் எந்தக் கொட்டகையில் கிடந்தார், எங்கே புதைக்கப்பட்டார், அல்லது எங்கேனும் பிழைத்து வாழ்ந்தார் என்று எவருடைய குடும்பத்திலாவது ஒரு பேச்சு இருந்தால், அது எவ்வளவு சிறிதாயினும், நான் எழுதியது பிழை என்று எனக்குத் தெரிவியுங்கள்.